ஒருவர் மட்டும் ஓடிய ஓட்டம்

2017 ஆகஸ்டில் லண்டனில் நடந்த உலக மெய்வல்லுநர் சாம்பியன்ஷிப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் உசைன் போல்டைத்தான் கேட்பார்கள். கடைசித் தடவையாக அவர் 100 மீற்றர் ஓடி 9.95 செக்கனில் மூன்றாவதாக வந்ததையும், 9.92 செக்கனில் வென்ற ஜஸ்டின் கட்லின் அவர் முன்னால் மண்டியிட்டதையும் நேரில் பார்த்தாயா என்று கேட்பார்கள். அன்றிரவு எனக்கு வேலை. எனக்குக் கிடைத்திருந்தது அடுத்த புதன்கிழமைக்கான ரிக்கற். அந்தப் புதன்கிழமை, ஆகஸ்ட் 9, மாலை 6.40 மணிக்கு, பொழிகிற மழையில், ஒரேயொரு மனிதர் 200 மீற்றர் ஓடியதைப் பார்த்தேன். பக்கத்துப் பாதைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. நான் கண்ட ஓட்டங்களில் அதைவிடப் பெரியது ஒன்றில்லை என்று இன்றும் சொல்லுவேன்.

அவர் பெயர் ஐசக் மக்வாலா. போட்ஸ்வானாவின் டுட்டுமே என்ற ஊரைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 31. ஓட்டக்காரருக்கு அது அந்திக்குக் கிட்டிய வயதுதான். ஆனால் அந்த வருடம் அவர் கால்களில் இருந்த வேகம் இளையவர்களிடமும் இருக்கவில்லை. சாம்பியன்ஷிப்புக்கு மூன்று கிழமைக்கு முன், ஜூலை 14 அன்று, மட்ரிட் நகரில் ஒரே மாலையில் 200 மீற்றரை 19.77 செக்கனிலும் 400 மீற்றரை 43.92 செக்கனிலும் ஓடியிருந்தார். இருபது செக்கனுக்குள் ஒன்றும் நாற்பத்துநான்குக்குள் இன்னொன்றுமாக ஒரே நாளில் ஓடியவர் அவருக்கு முன் உலகத்தில் எவரும் இல்லை. 400 மீற்றரில் உலக சாதனை வைத்திருந்த தென்னாபிரிக்கர் வேய்ட் வான் நீகெர்க்கை விரட்டக்கூடியவர் யார் என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் மக்வாலாவின் பெயரைத்தான் சொல்லுவார்கள்.

நான் கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையில் முதியோர் வாட்டில் தாதியாக இருக்கிறேன். ஓட்டத்தின் மேல் எனக்கிருக்கும் பிரியம் ஊரில் பள்ளிக்கூடத்து இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலிருந்தே வருவது. சுண்ணாம்பால் கோடு போட்ட மைதானத்தில் எட்டுப் பிள்ளைகள் குனிந்து நிற்கும்போது வருகிற அந்த ஒரு நொடி அமைதிக்காகவே நான் பந்தயம் பார்ப்பேன். இங்கே வந்த பிறகு அந்தப் பிரியம் என் தங்கையின் மகளிடம் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு அப்போது 14 வயது. ஒரு கழகத்தில் சேர்ந்து 200 மீற்றர் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் 200 மீற்றர் அரையிறுதி நடக்கிற நாளாகப் பார்த்து நெடுநாளைக்கு முன்பே ரிக்கற் எடுத்து வைத்திருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைதான் செய்தி வந்தது. அணிகள் தங்கியிருந்த ஒரு ஹோட்டலில் சத்தியும் வயிற்றோட்டமும் பரவியிருக்கிறது. ஏறத்தாழ முப்பது பேருக்கு வருத்தம். பரிசோதனையில் இருவருக்கு நோரோ வைரஸ் என்று உறுதியாகியிருக்கிறது. 200 மீற்றர் முதற்சுற்றுக்கு வந்த மக்வாலாவைச் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனத்தின் மருத்துவர்கள் ஓட வேண்டாம் என்று விலக்கிவிட்டார்கள். நாற்பத்தெட்டு மணித்தியாலம் அவர் தனித்திருக்க வேண்டும். அதற்குள் செவ்வாய் இரவு 400 மீற்றர் இறுதி வந்து போய்விடும்.

நோரோ வைரஸ் எங்களுக்குப் பழகிய பகை. மாரி காலத்தில் ஒரு கட்டிலில் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் வாட்டு முழுவதும் படுத்துவிடும். கையில் பூசும் ஸ்பிரிட் ஜெல் அதற்குப் போதாது. சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கதவுப்பிடி, கட்டில் கம்பி, கொமோட் எல்லாவற்றையும் குளோரின் கரைசலால் துடைக்க வேண்டும். கடைசியாகச் சத்தியோ வயிற்றோட்டமோ வந்த நேரத்திலிருந்து நாற்பத்தெட்டு மணித்தியாலம் கழியும்வரை நோயாளியை மற்றவர்களோடு விடக்கூடாது. வேலை செய்கிற எங்களுக்கும் அதே சட்டம். உடம்பு தேறிவிட்டது, நல்லாய்த்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வேலைக்கு வர முடியாது. நல்லாய் இருக்கிறவரின் உடம்பிலிருந்தும் அது பரவும். அந்தச் சட்டம் எத்தனை முதியவர்களின் உயிரைக் காத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே மக்வாலாவை ஏன் நிறுத்தினார்கள் என்று எவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் செவ்வாய் பின்னேரம் வீட்டில் தொலைக்காட்சியில் கண்ட காட்சியை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இறுதி ஓட்டத்துக்கு ஆயத்தமாக மக்வாலா அரங்கின் வாசலுக்கு வருகிறார். உள்ளே போகக்கூடாது என்று மறிக்கிறார்கள். அவர் எதையோ சொல்கிறார், மறுபடியும் மறிக்கிறார்கள். கமரா அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை. அந்த முகத்தில் கோபத்தைவிட விளங்காமைதான் கூடுதலாக இருந்தது. தன்னை எவரும் முறையாகப் பரிசோதிக்கவில்லை என்றும், திங்கட்கிழமையே தன்னால் ஓட முடிந்திருக்கும் என்றும் அவர் பிறகு சொன்னார். பயிற்சி மைதான மருத்துவ நிலையத்தில் அவர் சத்தி எடுத்ததைப் பலர் கண்டார்கள், மருத்துவர் பார்த்தார், அணிக்கும் சொல்லப்பட்டது என்று சம்மேளனம் சொன்னது. அந்த வழக்கைத் தீர்க்க நான் ஆளில்லை. ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் உழைத்து வந்து சேர்ந்த வாசலில், உலகமே பார்க்கத் திருப்பி அனுப்பப்பட்டார் என்பது மட்டும் இரு தரப்புக்கும் பொதுவான உண்மை.

அன்றிரவு அவருடைய பாதை காலியாகக் கிடக்க மற்றவர்கள் ஓடினார்கள். வான் நீகெர்க் 43.98 செக்கனில் வென்றார். பஹாமாசின் ஸ்டீவன் கார்டினர் 44.41, கட்டாரின் அப்தலேலா ஹாரூன் 44.48. வென்ற பிறகு வான் நீகெர்க்கின் முகத்தில் வெற்றியின் நிறைவைக் காணவில்லை. மக்வாலாவுக்காக மனம் வருந்துவதாக அவர் சொன்னார். அந்த இரவில் இழந்தவர் மக்வாலா ஒருவர் மட்டும் அல்லர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வென்றவருக்கும் ஒன்று பறிபோயிருந்தது. தன்னை உச்சமாக விரட்டக்கூடியவரை வைத்துக்கொண்டு வெல்லும் பேறு அது. அதைச் சம்மேளனமோ மருத்துவரோ பிறகு எந்த வழியிலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

என் வாட்டிலும் ஒரு வாசல் இருக்கிறது. நோய் பரவும் நாட்களில் அதைச் சாத்திவிட்டு மஞ்சள் அறிவித்தல் ஒட்டிவிடுவோம். ஒரு மாரியில் எங்கள் ஊர்ப்பக்கத்து முதியவர் ஒருவர் மனைவியைப் பார்க்க வந்தார். தோளில் பை, பைக்குள் புழுங்கலரிசிக் கஞ்சி நிரப்பிய சுடுதண்ணிப் போத்தல். முதல்நாள் வந்தபோது அறிவித்தலைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாளும் வந்தார். நான் வெளியே போனேன்.

“பிள்ளை, நான் கிட்டப் போகேல்லை. தூரத்தில நிண்டு ஒருக்கா பாத்திட்டுப் போறன்” என்றார்.

நான் அவரைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் இருந்து சொன்னேன். எந்த வருத்தம், எப்படிப் பரவும், அம்மாவுக்குக் கடைசியாகச் சத்தி வந்தது எப்போது, அதிலிருந்து எத்தனை மணித்தியாலம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “ஐயா, வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாங்கோ. அதுக்குள்ள திரும்பச் சத்தி வந்தால் நான் போன் அடிச்சுச் சொல்லுவன். கஞ்சியைத் தாங்கோ, நான் குடுக்கிறன்.” நாளையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார். போகும்போது அவர் முகம் வந்தபோது இருந்த முகமாக இல்லை. வாசல் அப்போதும் சாத்தியேதான் இருந்தது. ஆனால் அது எப்போது திறக்கும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

செவ்வாய் இரவு மக்வாலாவின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. விதி சரிதான். அந்த விதியைப் பக்கத்தில் இருந்து சொல்ல ஒருவர் வேண்டும். மூடுகிற நேரத்தோடு திறக்கிற நேரத்தையும் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால், நோயைத் தடுக்க வந்த விதி மனிதரைத் தடுக்க வந்ததுபோல ஆகிவிடும்.

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு அவருடைய தனிமைக் காலம் முடிந்தது. போட்ஸ்வானா எழுத்தில் ஒரு கோரிக்கை வைத்தது. 200 மீற்றர் முதற்சுற்றை அவர் மருத்துவக் காரணத்தால்தான் தவறவிட்டார், இப்போது உடல்நலம் தேறிவிட்டார், ஆகவே அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்பதே அது. சம்மேளனம் உடன்பட்டது. மாலை தனியாக ஒரு நேர ஓட்டம் ஓடலாம். 20.53 செக்கன் அல்லது அதற்குக் குறைவாக ஓடினால் அரையிறுதியில் இடம் உண்டு. மறித்தவர்களே திறந்துவிட்டார்கள். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பெரிய அமைப்பொன்று தான் போட்ட நிகழ்ச்சி நிரலைக் கலைத்து, ஒருவருக்காகக் கடிகாரத்தையும் நடுவர்களையும் திரும்ப ஆயத்தம் செய்வது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

நாங்கள் ஈஸ்ட்ஹாமில் ரயில் ஏறி, வெஸ்ட்ஹாமில் மாறி ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கியபோது மழை நன்றாகப் பிடித்துவிட்டது. ஆகஸ்ட் மாதம் என்று சொல்ல முடியாத குளிர். பூங்காவைக் கடந்து அரங்குக்கு நடக்கும் கூட்டம் முழுவதும் பிளாஸ்டிக் அங்கிகளுக்குள் இருந்தது. இது 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கு. போட்ஸ்வானாவுக்கு ஒலிம்பிக்கில் முதற்பதக்கம் கிடைத்ததும் இங்கேதான்; அந்த வருடம் 18 வயது நைஜல் அமோஸ் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். மக்வாலா தனியாக ஓடப்போகிற செய்தியைத் தங்கையின் மகள் கைபேசியில் வாசித்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மூச்சு வாங்க எங்கள் இருக்கைகளுக்கு ஏறியபோது அரங்கு பாதிதான் நிரம்பியிருந்தது.

“பெரியம்மா, ஆக்கள் இல்லாமல் எப்பிடி ஓடுறது? ஆரைப் பாத்து ஓடுறது?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது ஓடுகிறவர்கள் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி. 200 மீற்றர் வளைவில் தொடங்குகிற ஓட்டம். வெளிப்பாதைகள் நீளம் கூடியவை என்பதால் தொடக்கக் கோடுகளைப் படிப்படியாக முன்தள்ளி வைத்திருப்பார்கள். ஏழாவது பாதையில் நிற்பவர் முதலாவது பாதைக்காரருக்கு இருபது மீற்றருக்கு மேல் முன்னால் நிற்பார். உள்ளே ஓடுகிறவருக்கு முன்னால் துரத்த ஆள் உண்டு. வெளியே ஓடுகிறவருக்குப் பின்னால் வருகிறவர்களின் காலடியும் மூச்சும் உண்டு. வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குள் எல்லோரும் ஒன்றாக வந்து விழும்போதுதான் யார் எங்கே என்பது தெரியும். அந்த நொடியில் பக்கத்தில் ஒரு தோள் தெரிந்தால் உடம்பு தன்னிடம் இல்லாத பலத்தையும் எங்கிருந்தோ எடுத்துவிடும். மக்வாலாவுக்கு அன்று துரத்த ஆளும் இல்லை, துரத்துகிற ஆளும் இல்லை. இருந்தது ஓர் எண் மட்டும்.

தூரத்து வளைவில் அவர் தெரிந்தார். ஏழாவது பாதை. உதைகட்டையைத் தானே சரிபார்த்து, ஓரிரு தடவை பாய்ந்து பார்த்துவிட்டு வந்து நின்றார். வழக்கமாக அந்த இடத்தில் எட்டுப் பேருக்குப் பின்னால் உடுப்புக் கூடை தூக்கும் பிள்ளைகள், நடுவர்கள் என்று ஒரு சந்தையே இருக்கும். அன்று வெறிச்சோடிக் கிடந்தது. ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னார்கள், நேரத்தைச் சொன்னார்கள். பாதி நிரம்பிய அரங்கிலிருந்து எழுந்த ஆரவாரம் முழு அரங்கின் ஆரவாரமாக இருந்தது. பிறகு அவர் குனிந்தார். எல்லோரும் ஒன்றாக அமைதியானோம். கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது.

வெடி கேட்டதும் நான் அவர் கால்களைத்தான் பார்த்தேன். நனைந்த பாதையில் ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் குதிகாலுக்குப் பின்னால் எழும்பி விழுந்தது. வளைவில் உடம்பை உள்பக்கம் சாய்த்துக்கொண்டு அவர் வந்த விதத்தில் தயக்கம் என்பதே இல்லை. இரண்டு நாளாக ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த உடம்பு என்று எவரும் சொல்ல முடியாது. நேர்ப்பாதைக்குள் நுழைந்தபோது நான் உட்பட அந்தப் பகுதியில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றோம். அருகில் இருந்த ஆங்கிலேயக் கிழவி ஒருவர் குடையால் தரையை அடித்துக்கொண்டு கத்தினார். எண் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு. பத்தொன்பது. அவர் கோட்டைக் கடந்தார்.

20.20.

கேட்ட நேரத்திலும் பார்க்க 0.33 செக்கன் குறைவு. கோட்டைத் தாண்டிய மக்வாலா நிற்கவில்லை. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி, தண்ணீர் தேங்கிய பாதையில் கைகளை ஊன்றித் தண்டால் எடுத்தார். வருத்தக்காரன் என்றீர்களே, இதோ பாருங்கள் என்று சொல்கிற தண்டால் அது. அதற்கு விளக்கம் தேவையிருக்கவில்லை. அரங்கு சிரித்தது, அழுதது, கைதட்டியது. தங்கையின் மகள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். கோபத்தோடுதான் ஓடினேன் என்று பிறகு அவர் சொன்னார். அந்தக் கோபம் ஒரு கண்ணாடியையும் உடைக்கவில்லை, ஒருவரையும் அடிக்கவில்லை. இருபது செக்கன் சொச்சத்துக்குள் அடங்கி நேராகக் கோட்டுக்குப் போனது. கோபத்தை அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்க முடியும் என்பதை நான் அவரிடம் கண்டேன்.

அதே லண்டனில் 109 வருடத்துக்கு முன்னும் ஒருவர் தனியாக ஓடியிருக்கிறார் என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன். 1908 ஒலிம்பிக்கின் 400 மீற்றர் இறுதி, வைட் சிற்றி மைதானத்தில் நடந்தது. பாதைகள் பிரிக்கப்படாத ஓட்டம். கடைசி நேர்ப்பாதையில் அமெரிக்கர் ஜோன் கார்ப்பென்டர், பிரித்தானியர் விண்டம் ஹால்ஸ்வெல்லைக் குறுக்கே மறித்தார் என்று நடுவர்கள் ஓட்டத்தை ரத்துச் செய்து கார்ப்பென்டரை நீக்கினார்கள். திரும்ப ஓடச் சொன்னபோது மற்ற இரண்டு அமெரிக்கர்களும் வர மறுத்துவிட்டார்கள். ஹால்ஸ்வெல் தனியே ஓடித் தங்கம் பெற்றார். நேரம் 50.0 செக்கன். அதற்கு முந்திய சுற்றில் அதே மனிதர் 48.4 செக்கனில் ஓடியிருந்தார். எதிராளி இல்லாவிட்டால் வல்லவனின் கால்களிலிருந்தும் எவ்வளவு கழிந்துபோகும் என்பதற்கு அந்த 1.6 செக்கன் கணக்கு. ஹால்ஸ்வெல் 1915 இல் பிரான்சில் போர்முனையில் சூடுபட்டு இறந்தார். அந்த மைதானமும் இப்போது இல்லை.

இரண்டு ஓட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மக்வாலாவின் பெருமை இன்னும் கூடுகிறது. ஹால்ஸ்வெல்லுக்கு ஓடி முடித்தாலே தங்கம். மக்வாலாவுக்கு ஓடி முடித்தால் கிடைப்பது ஒன்றுமில்லை; நேரத்தை வென்றால், மற்றவர்களோடு நின்று தோற்பதற்கான இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்காக அவர் அந்த மழையில் அப்படி ஓடினார்.

இரவு 8.55 க்கு அரையிறுதிகள் தொடங்கின. இரண்டேகால் மணித்தியால இடைவெளிதான். 200 மீற்றர் முழுவேகத்தில் ஓடிய உடம்பு அவ்வளவு விரைவில் தேறாது. கூடுதல் ஆளாக வந்தவர் என்பதால் அவருக்குக் கிடைத்தது முதலாவது பாதை. வளைவு மிகவும் ஒடுங்கிய பாதை அது. உயரமும் வேகமும் உள்ளவர்கள் எவரும் விரும்பிக் கேட்பதில்லை. மழையும் விடவில்லை. ஆனால் இந்தத் தடவை அவருக்கு முன்னால் துரத்த ஆட்கள் இருந்தார்கள். அமெரிக்கர் ஐசாயா யங் 20.12 செக்கனில் முதலாவது, மக்வாலா 20.14 செக்கனில் இரண்டாவது. நேரடியாக இறுதிக்குத் தகுதி. இரண்டாவது ஓட்டம், மோசமான பாதை, களைத்த கால்கள். ஆனாலும் தனியாக ஓடியதைவிட வேகம் கூடியிருந்தது. என் தங்கையின் மகள் கேட்ட கேள்விக்கு அவருடைய கால்களே பதில் சொல்லிவிட்டன. மனிதருக்கு மனிதர் வேண்டும், ஓடுவதற்கும்.

அந்த இரவு மற்றவர்களுக்கும் நிறையக் கொடுத்தது. 400 மீற்றர் தடைதாண்டலில் நோர்வேயின் 21 வயது கார்ஸ்டன் வார்ஹோம் 48.35 செக்கனில் வென்றுவிட்டுத் தன் கண்ணையே நம்பாதவராக வாயைப் பிளந்து நின்றார். பெண்கள் 400 மீற்றரில் முன்னணியில் வந்துகொண்டிருந்த பஹாமாசின் ஷோனே மில்லர் கோட்டுக்குக் கிட்ட வந்து கால் இடறி நான்காவதாகப் போனார். இரண்டையும் கண்டோம், இரண்டுக்கும் கத்தினோம். ஆனால் ரயிலில் திரும்பும்போது பெட்டிக்குள் இருந்தவர்கள் பேசியது முழுவதும் மக்வாலாவைப் பற்றியே.

அடுத்த நாள் இறுதி ஓட்டத்தை வாட்டில் இடைவேளை நேரத்தில் கைபேசியில் பார்த்தேன். துருக்கியின் ரமில் குலியேவ் 20.09 செக்கனில் வென்றார். வான் நீகெர்க்கும் ட்ரினிடாட்டின் ஜெரீம் ரிச்சர்ட்ஸும் இருவரும் 20.11, ஆயிரத்தில் ஒரு செக்கன் வித்தியாசத்தில் வான் நீகெர்க்குக்கு வெள்ளி. மக்வாலா நேர்ப்பாதையில் தளர்ந்து 20.44 செக்கனில் ஆறாவதாக வந்தார். ஓட்டம் முடிந்து பேச வந்த வான் நீகெர்க் கண்ணீர் விட்டார். மக்வாலாவை மறித்தது தனக்காகச் செய்த சூழ்ச்சி என்ற பேச்சில் தன் பெயரும் அடிபட்டது அவரை நோகடித்திருந்தது. எனக்கு இருவர் மேலும் இரக்கம் வந்தது. இருவரும் எந்தப் பிழையும் செய்யாதவர்கள். விளக்கம் இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து குடியேறும். குடியேறிய பின் அது குற்றமில்லாதவரையும் சுடும். செவ்வாய்க்கிழமை வாசலில் ஒருவர் நின்று எல்லாவற்றையும் எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லியிருந்தால் வியாழன் இரவு அந்தக் கண்ணீர் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆறாவது இடம் என்று கேட்டவர்கள் சிலர், இவ்வளவு ஆர்ப்பாட்டமும் இதற்குத்தானா என்றார்கள். எனக்கு அந்த ஆறாவது இடம்தான் மதிப்புள்ளதாகத் தெரிகிறது. செவ்வாய் இரவு அவர் தோற்கவில்லை, வெல்லவும் இல்லை. பெயர்ப்பட்டியலில் ஓடாதவர் என்று எழுதப்பட்டார். வியாழன் இரவு அவர் ஓடினார், களைத்தார், தன்னிலும் வேகமான ஐந்து பேரிடம் தோற்றார். வெல்வதற்கு எவருக்கும் உரிமை கிடையாது. ஓடித் தோற்பதற்கு, தகுதி பெற்ற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை அவர் கெஞ்சிப் பெறவில்லை. 20.20 என்று ஓடிப் பெற்றார்.

பிறகும் அவர் ஓடிக்கொண்டுதான் இருந்தார். 2018 இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் 400 மீற்றரில் தங்கமும் 4x400 அஞ்சலோட்டத்தில் தங்கமும் பெற்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில், 35 வயதில், அஞ்சலோட்ட அணியோடு வெண்கலம் வென்றார். 2024 இல் பாரிசில் இளையவர் லெட்சிலே டெபோகோ அதே 200 மீற்றரை 19.46 செக்கனில் ஓடி, ஒலிம்பிக்கில் போட்ஸ்வானாவுக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். அந்தச் செய்தியை எனக்கு முதலில் அனுப்பியவள் என் தங்கையின் மகள். அவள் இப்போது ஓடுவதை விட்டுவிட்டாள். இயன்மருத்துவம் படித்து முடித்து, அடிபட்ட ஓட்டக்காரர்களைத் திரும்ப எழுப்பி நடக்க வைக்கிற வேலையைத் தேடி எடுத்திருக்கிறாள்.

எங்கள் வாட்டுக்குப் புதிதாக வரும் இளம் தாதிகளுக்கு நோய்த்தடுப்பு விதிகளைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம்தான் வரும். கை கழுவுவதையும் குளோரின் அளவையும் சொன்ன பிறகு மக்வாலாவின் கதையையும் சொல்லுவேன். வாசலில் எவரையாவது மறிக்க வேண்டி வந்தால், மறியுங்கள். அதில் இரக்கம் பார்க்க வேண்டாம். ஆனால் அறிவித்தலைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். கதிரையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் இருங்கள். ஏன் என்று சொல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு வாசல் திறக்கும் என்பதை எழுதிக் கையில் கொடுங்கள். அந்த நேரம் வரும்போது நீங்களே போய்த் திறந்துவிடுங்கள்.